கொழுப்பில் எழுதிய கணக்கு: கடல் பாலூட்டிகளில் வேதிமாசை ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பது எப்படி

2016 ஜனவரியில், ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள டைரீ தீவின் கரையில் ஒரு பெண் ஓர்கா (கொலைகாரத் திமிங்கிலம்) செத்து ஒதுங்கியது. ஆய்வாளர்கள் அதற்கு லூலூ என்று பெயர் வைத்திருந்தார்கள். மீன்பிடிக் கயிறு சுற்றித்தான் அது இறந்தது. உடலை அறுத்துப் பார்த்தபோது வயது குறைந்தது இருபது என்று தெரிந்தது. ஒருமுறைகூடக் கருவுற்றதற்கான தடயம் சூலகத்தில் இல்லை. தோலடிக் கொழுப்பைச் சோதித்ததில் பிசிபி என்ற வேதிப்பொருள் ஒரு கிலோ கொழுப்புக்கு 957 மில்லிகிராம் இருந்தது.

957 என்பது அதிகமா, குறைவா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 1990 முதலே கரை ஒதுங்கும் ஓங்கில்களையும் (டால்பின்) திமிங்கிலங்களையும் ஒரே முறையில் அறுத்து, ஒரே இடத்தில் கொழுப்பெடுத்து, அளந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் லூலூவின் எண்ணைப் பார்த்த உடனே அதன் பொருள் புரிந்தது. பாதிப்பு தொடங்கும் அளவு என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வது 9 மில்லிகிராம். லூலூவிடம் இருந்தது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

அப்படி ஒரு வரிசையை உருவாக்குவதற்கான வழிகாட்டி இது. கடல் உயிரியல் படிப்பவர்களுக்கும், கரையோரத்தில் வனத்துறை, மீன்வளத்துறை வேலையில் இருப்பவர்களுக்கும் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன். எல்லாப் படிகளிலும் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைத்தான் சொல்லப்போகிறேன்: இன்று எப்படிச் செய்தீர்களோ, இருபது ஆண்டு கழித்து இன்னொருவர் வந்தாலும் அப்படியே செய்ய வேண்டும்.

முதல் படி: எதைத் தேடுகிறோம்?

வேதிமாசு என்று பொதுவாகச் சொன்னால் வேலை தொடங்காது. ஒவ்வொரு பொருளும் உடலில் ஒவ்வோர் இடத்தில் போய் உட்காருகிறது. மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி, பூச்சிக்கொல்லியான டிடிடி, தீத்தடுப்புக்காகப் பிளாஸ்டிக்கிலும் துணியிலும் சேர்த்த புரோமின் சேர்மங்கள் ஆகியவை கொழுப்பில் கரைபவை. அவற்றைத் தோலடிக் கொழுப்பில் தேட வேண்டும். பாதரசத்துக்குக் கல்லீரல், சிறுநீரகம், தசை. நான்-ஸ்டிக் பூச்சு, தீயணைப்பு நுரை வழியாக வந்த பிஃபாஸ் வகைப் பொருள்கள் புரதத்தோடு ஒட்டுபவை. கல்லீரலிலும் ரத்தத்திலும் கிடைக்கும். கொழுப்பை மட்டும் எடுத்து வைத்தால் அவை கண்ணில் படாமலே போகும்.

பாதரசத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வயதான விலங்கின் கல்லீரலில் பாதரசம் செலினியத்தோடு கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கட்டுண்டு கிடக்கும். உடல் அதை முடக்கிப் போட்ட நிலை அது. எனவே பாதரசம் அளந்தால் செலினியமும் அளங்கள். இல்லாவிட்டால் எண்ணைப் பார்த்துத் தேவையில்லாமல் பயப்படுவோம்.

இரண்டாம் படி: எந்த விலங்கு?

அரிய விலங்கின் மேல்தான் ஆசை வரும். ஆனால் கண்காணிப்புக்கு வேண்டியது ஆண்டுதோறும் கிடைக்கும் விலங்கு. அதுவும் ஒரே பகுதியில் வாழ்வது. பிரிட்டனுக்கு, ஓங்கிலைப் போன்ற சிறு கடல் பாலூட்டியான ஹார்பர் போர்பாய்ஸ் அப்படி அமைந்தது. ஆர்க்டிக்கில் வளைய சீல். கனடாவில் அதன் மாதிரிகள் 1970-களில் இருந்து இருக்கின்றன. அமெரிக்காவின் சரசோட்டா விரிகுடாவில் புட்டிமூக்கு ஓங்கில்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்கின்றன. அங்கே 1970-இல் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. ராண்டல் வெல்ஸ் மாணவராக அதில் சேர்ந்தவர். பிறகு வாழ்நாள் முழுக்க அதை நடத்தினார். எந்தக் குட்டி எந்தத் தாயுடையது என்பதுகூட அங்கே ஏட்டில் இருக்கிறது.

அடுத்து, விலங்கு என்ன தின்கிறது என்று பாருங்கள். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் மீன் தின்னும் வட பகுதி ஓர்காக்களின் ஆண்களில் பிசிபி சராசரியாக கிலோவுக்கு 37 மில்லிகிராம். அதே கடலில் சீல்களை வேட்டையாடும் ஓர்காக்களின் ஆண்களில் 251. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினாலே இவ்வளவு வேறுபாடு. பாக் நீரிணையில் கடற்புல் மேயும் ஆவுளியா இந்தக் கணக்கில் அடிப்படியில் இருக்கிறது. அதைக் காப்பது மிக முக்கியமான வேலை. ஆனால் பிசிபியின் போக்கை அறிய அது சரியான விலங்கு அல்ல. நம் கரைக்கு, கரையோரமாகவே சுற்றும் கூன்முதுகு ஓங்கில் போன்றவை பொருத்தமானவை.

மூன்றாம் படி: மாதிரி எங்கிருந்து?

செத்து ஒதுங்கியவை, வலையில் சிக்கி இறந்தவை, உயிரோடு இருக்கும்போது சிறு ஈட்டி எய்து எடுப்பவை, பிடித்துச் சோதித்து விடுபவை, வடதுருவப் பழங்குடிகள் உணவுக்காக வேட்டையாடியவற்றில் அவர்கள் தரும் பங்கு என ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சாய்வு இருக்கிறது. நோயில் வாடி ஒதுங்கிய விலங்கின் கொழுப்பு கரைந்திருக்கும். அப்போது கொழுப்பு போய், அதிலிருந்த பிசிபி மிச்சக் கொழுப்பில் செறிந்துவிடும். வலையில் சிக்கியது பெரும்பாலும் நல்ல உடல்நிலையில் இருந்த விலங்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து சராசரி போட்டால், நோய் அதிகமான ஆண்டில் மாசு கூடியதாகத் தெரியும். கலக்கலாம்; ஆனால் எப்படி இறந்தது என்ற பத்தி பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஈட்டி மாதிரியில் கொழுப்பின் மேலடுக்கு மட்டுமே கிடைக்கும். அதைக் கரை ஒதுங்கியவற்றின் முழு ஆழ மாதிரியோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

நான்காம் படி: கரையில்

இதுதான் மிக முக்கியமான இடம். ஆய்வகத்தில் நடக்கும் தவறைத் திரும்பச் செய்து சரிசெய்யலாம். மணலில் தவறவிட்டதை மீட்க முடியாது.

முதலில் அனுமதி. இந்தியாவில் ஓங்கில், திமிங்கிலம், ஆவுளியா எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்த உடலின் ஒரு துண்டைக்கூட அனுமதியின்றி எடுக்கக் கூடாது. வனத்துறைக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் முன்னிலையில், கால்நடை மருத்துவரோடு செய்யுங்கள். உடல் ஒதுங்கிய பிறகு அனுமதிக்கு ஓடினால் இரண்டு நாள் போய்விடும், உடலும் அழுகிவிடும். ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கி வையுங்கள். கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம். இவ்விலங்குகளின் சில நோய்கள் மனிதருக்கும் தொற்றும்.

அடுத்தது அழுகலின் நிலை. உலகம் முழுக்க ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள்: 1 உயிரோடு, 2 இப்போதுதான் இறந்தது, 3 ஓரளவு அழுகியது, 4 மிகவும் அழுகியது, 5 தோலும் எலும்பும். வேதி ஆய்வுக்கு 2 நல்லது, 3 வரை ஏற்கலாம். வெயிலில் கிடந்து கொழுப்பு உருகி வழியும் உடலில் மாதிரி எடுத்து வரிசையைக் கெடுக்க வேண்டாம். நம் ஊர் வெயிலில் இது சில மணி நேரக் கணக்கு. அதனால் மீனவர் வழியாகத் தகவல் சீக்கிரம் வந்துசேர ஏற்பாடு செய்வது எந்தக் கருவி வாங்குவதையும்விடப் பெரிய வேலை. உடலை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான். அவர்களை மதித்து, ஒவ்வொரு முறையும் முடிவு என்னவென்று திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

அப்புறம் அளவு. மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் நடுப்பிளவு வரை நேர்கோட்டில் நீளம். உடல் வளைவோடு நாடாவை ஓட்டக் கூடாது. சுற்றளவு, ஆணா பெண்ணா, பால் சுரப்பியில் பால் இருக்கிறதா, வயிற்றில் குட்டி இருக்கிறதா, தோலடிக் கொழுப்பு எத்தனை மில்லிமீட்டர் என எல்லாவற்றையும் எழுதுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் பின்னால் அந்த எண்ணை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் தவிக்க நேரும்.

இப்போது கொழுப்பு. முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்கு நேராக, இடது பக்கம், முதுகுக்குச் சற்றுக் கீழே எடுப்பது வழக்கம். வேறு இடத்தை முடிவு செய்தாலும் குற்றமில்லை. முடிவு செய்த பிறகு மாற்றக் கூடாது. தோலில் தொடங்கித் தசை வரை முழு ஆழமும் வர வேண்டும். வெளியடுக்கு பெரும்பாலும் மாறாமல் இருக்கும். உள்ளடுக்கைத்தான் விலங்கு பசிக்குச் செலவழிக்கும், திரும்பச் சேர்க்கும். பாதி ஆழம் எடுத்த துண்டும் முழு ஆழம் எடுத்த துண்டும் ஒரே விலங்கில்கூட ஒத்துப்போகாது.

கொழுப்பைக் கரைப்பானால் கழுவிய அலுமினியத் தாளில் சுற்றுங்கள். உலோகம் அளக்கப் போகும் கல்லீரலை அதே தாளில் வைக்காதீர்கள். சுத்தமான பிளாஸ்டிக் பை போதும். பிஃபாஸ் அளக்கப் போவது என்றால் டெஃப்ளான் கலந்த எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. பாலிபுரோப்பிலீன் குழாயில் போடுங்கள். நீர்புகாத மழைக்கோட்டின் பூச்சுகூட மாதிரியைக் கெடுக்கலாம்.

கடைசியாக, பெயர்ச்சீட்டு. ஃபிரீசரில் சில ஆண்டு இருந்த பையைத் திறந்தால் மை முழுக்க அழிந்து, எது எந்த விலங்கு என்று தெரியாத நிலையை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கும். அதனால் பென்சிலால் எழுதிய நீர்புகாச் சீட்டு ஒன்று பைக்கு உள்ளே, இன்னொன்று வெளியே, அதே எண் ஏட்டில். மூன்றும் ஒரே கையால், அதே இடத்தில்.

ஐந்தாம் படி: இன்றைக்குத் தெரியாத கேள்விக்காகச் சேமிப்பது

எடுத்த துண்டை இரண்டாக வெட்டுங்கள். ஒன்று இப்போது அளக்க. மற்றொன்றைத் தொடாமல் வையுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கதை போதும். பிஃபாஸ் வகையைச் சேர்ந்த பிஃபோஸ் என்ற பொருள் உலகம் முழுக்க விலங்குகளின் உடலில் பரவியிருக்கிறது என்று 2001-இல் ஜான் கீசியும் குருந்தாசலம் கண்ணனும் வெளியிட்டார்கள். வேறு வேலைகளுக்காக எடுத்து வைத்திருந்த திசுக்கள்தான் அதற்குக் கைகொடுத்தன. அவற்றைச் சேர்த்தவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். எடுத்தவர்களுக்குத் தெரியாத கேள்விக்கு அந்தக் கல்லீரல்கள் பதில் சொல்லின. பிரிட்டனின் போர்பாய்ஸ் கொழுப்பிலும் இப்படித்தான் நடந்தது. கட்டட நுரையில் சேர்க்கும் எச்பிசிடி என்ற தீத்தடுப்புப் பொருள் 2001 வாக்கில் திடீரென்று ஏறியது, 1994 முதல் சேமித்திருந்த மாதிரிகளைத் திரும்ப எடுத்து அளந்தபோதுதான் தெரிந்தது.

இதற்கென்றே வங்கிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் உள்ள கடல்சார் மாதிரி வங்கி திரவ நைட்ரஜன் ஆவியில் மைனஸ் 150 டிகிரியில் வைக்கிறது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் 1960-களில் தொடங்கிச் சேர்த்த மாதிரிகள் இருக்கின்றன. நம்மிடம் அவ்வளவு வசதி இல்லாவிட்டால் மைனஸ் 80 நல்லது. கொழுப்பில் உள்ள பிசிபிக்கு மைனஸ் 20-உம் பரவாயில்லை. முக்கியம் மின்சாரம். மின்தடைக்கு ஜெனரேட்டர், வெப்பநிலை ஏறினால் போனுக்கு எச்சரிக்கை, இரண்டாம் பாதியை வேறொரு கட்டடத்தில் வைப்பது ஆகிய மூன்றுக்கும் முதல் ஆண்டு பட்ஜெட்டிலேயே இடம் விடுங்கள்.

ஆறாம் படி: வயது

பல்லை எடுக்க மறக்காதீர்கள். ஓங்கிலின் பல்லை நீளவாக்கில் மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றினால் மர வளையம்போல அடுக்குகள் தெரியும். ஓர் அடுக்கு ஓர் ஆண்டு. பல்லில்லாத பெருந்திமிங்கிலங்களுக்குக் காதுக்குள் சேரும் மெழுகுக் கட்டி இருக்கிறது. 2007-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கப்பல் மோதி இறந்த நீலத் திமிங்கிலம் ஒன்றின் காதுக் கட்டியை அடுக்கடுக்காகப் பிரித்து, அதன் பன்னிரண்டு ஆண்டு வாழ்வில் எப்போது எந்த வேதிப்பொருள் சேர்ந்தது, எப்போது மன அழுத்த ஹார்மோன் ஏறியது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டார்கள். பிறந்த முதல் ஆண்டிலேயே தாயிடமிருந்து வந்த பங்கு அதில் தெரிந்தது. ஒரே விலங்குக்குள் ஒரு முழுக் கண்காணிப்பு வரிசை!

ஏழாம் படி: ஆய்வகம்

நுணுக்கங்களை ஆய்வகக் கையேடுகள் சொல்லும், சுருக்கமாக முடிக்கிறேன். கொழுப்பைக் கரைப்பானால் பிரித்து, எடை பார்த்து, சுத்தம் செய்து, பிசிபி போன்றவற்றை வாயு நிறப்பகுப்பிலும் பிஃபாஸை திரவ நிறப்பகுப்பிலும் அளப்பார்கள். பிசிபி என்பது ஒரே பொருள் அல்ல, 209 சேர்மங்கள். ஒருவர் 7 சேர்மங்களைக் கூட்டுவார், இன்னொருவர் 25-ஐக் கூட்டுவார், பழைய ஆய்வுகள் அரோக்ளோர் என்ற வணிகக் கலவையின் அளவாகச் சொல்லும். தொடக்கத்தில் சொன்ன 9 மில்லிகிராம்கூட அரோக்ளோர் கணக்கில் 17 என்று கண்ணன் குழு 2000-இல் தந்த எண்ணின் மாற்றுவடிவம்தான். எனவே மொத்தத்தை மட்டும் பதியாமல் ஒவ்வொரு சேர்மத்தின் அளவையும் தனித்தனியாகப் பதியுங்கள். பின்னால் யார் எப்படிக் கூட்டினாலும் ஒப்பிடலாம்.

ஒவ்வொரு தொகுதியோடும் திசு எதுவும் இல்லாத ஒரு வெற்று மாதிரியும், அளவு ஏற்கெனவே உறுதியான ஒரு மாதிரியும் ஓட வேண்டும். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் இதற்கென்றே 1945 என்ற எண்ணில் திமிங்கிலக் கொழுப்பையே தரப்பொருளாகத் தயாரித்தது. கருவியை மாற்றும் ஆண்டில் பழையதிலும் புதியதிலும் அதே மாதிரிகளை அளந்து பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டால், கடலில் மாசு குறைந்ததா, கருவி மாறியதா என்று கடைசிவரை தெரியாது.

எட்டாம் படி: எண்ணைப் படிப்பது

ஈரமான திசுவின் எடைக்கு அல்ல, அதிலிருந்த கொழுப்பின் எடைக்குக் கணக்கிடுங்கள். அப்புறம் ஆணையும் பெண்ணையும் பிரியுங்கள். ஆணின் உடலில் சேர்ந்தது பெரும்பாலும் சாகும்வரை போகாது. பெண் தன் சுமையைப் பாலில் இறக்கிவைக்கிறாள். அதில் பெரும்பங்கு தலைச்சன் குட்டிக்குப் போகிறது. சீல் தின்னும் ஓர்கா ஆண்களில் 251 என்றேனே, அதே கூட்டத்தின் பெண்களில் 59 மட்டும்தான். காணாமற்போனது குட்டிகளின் உடலில் இருக்கிறது. சரசோட்டாவிலும் தலைச்சன் குட்டிகளே அதிகம் இறக்கின்றன. லூலூவுக்குப் பால் கொடுக்கக் குட்டியே இல்லை. இறக்கிவைக்க வழியில்லாமல் அவ்வளவும் அவளுக்குள்ளேயே தங்கியது.

காலப்போக்கைப் பார்க்க முதிர்ந்த ஆண்களை மட்டும், அல்லது வளராத இளம் விலங்குகளை மட்டும் தனிக் கூட்டமாக எடுப்பது பாதுகாப்பானது. எண்களை மடக்கையில் மாற்றிவிட்டுச் சராசரி எடுங்கள். லூலூ போன்ற ஒன்று முழு ஆண்டையும் இழுத்துவிடக் கூடாது. கண்டறியும் எல்லைக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று எழுதாமல், எல்லை எவ்வளவு என்பதை எழுதுங்கள்.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்று ஒரு சின்னக் கணக்கு: மாசு ஆண்டுக்கு 5 சதவீதம் குறைந்தால் பாதியாக ஏறத்தாழ 14 ஆண்டு. விலங்குக்கு விலங்கு உள்ள வேறுபாடு அதைவிடப் பெரியது. மூன்று ஆண்டுத் திட்டத்தில் போக்கு தெரியும் என்று நிதி தருபவரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: தீங்கோடு இணைப்பது

அளவு மட்டும் தெரிந்தால் பாதி வேலைதான். அதே உடலில் நோய் என்ன, கருப்பை எப்படி, ஹார்மோன் எப்படி என்பதும் வேண்டும். டால் போர்பாய்ஸ் ஆண்களில் டிடிடியின் சிதைவுப் பொருள் கூடக்கூட ஆண் ஹார்மோன் குறைவதை ஏ. சுப்ரமணியன், ஷின்சுகே தனாபே குழு 1987-இல் காட்டியது. பால்டிக் கடல் சீல்களில் 1970-களில் கருப்பை அடைபட்டிருந்ததைக் கண்டவர்களும் உடலை முழுமையாக அறுத்துப் பார்த்தவர்களே. ஐரோப்பாவில் பால் ஜெப்சன் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளின் கொழுப்பை வைத்து 2016-இல் சொன்னது கவலை தருவது: தடைக்குப் பிறகு இறங்கி வந்த பிசிபி, பிரிட்டனின் போர்பாய்ஸ்களில் 1990-களின் இறுதியில் இறங்காமல் நின்றுவிட்டது. இடையில் பத்து ஆண்டு அளக்காமல் விட்டிருந்தால், இறங்கிக்கொண்டே போகிறது என்று நம்பியிருப்போம்.

பத்தாம் படி: நிறுத்தாமல் இருப்பது

சுப்ரமணியன், தனாபே குழு வங்காள விரிகுடாவின் ஓங்கில்களையும் விடவில்லை. தென்னிந்தியக் கரையில் எடுத்த மாதிரிகளைப் பற்றி 1993-இல் எழுதினார்கள். பிசிபியைவிட டிடிடி மிகுந்திருந்தது. நம் வயலிலும் கொசு ஒழிப்பிலும் தெளித்தது ஆற்றோடு போய்ச் சேர்ந்த இடம் அது. இந்தியா டிடிடியை விவசாயத்தில் 1989-இல் தடை செய்தது. எச்சிஎச் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லிக் கலவையை 1997-இல் நிறுத்தியது. அந்தத் தடைகள் நம் ஓங்கிலின் உடலில் எவ்வளவு வேலை செய்தன என்று ஆண்டு ஆண்டாகக் காட்ட ஒரு வரிசை வேண்டும். ஓர் ஆய்வேட்டுக்கும் அடுத்த ஆய்வேட்டுக்கும் இடையே ஆண்டுகள் விட்டால் வரிசை கிடைக்காது.

எனவே சிறிதாகத் தொடங்குங்கள். ஓர் இனம், ஒரு மாவட்டக் கரை, ஒரு பக்கப் படிவம், ஒரு ஃபிரீசர். எல்லாவற்றையும் உடனே அளக்கப் பணம் இல்லையா, சரி, எடுத்து வையுங்கள். பணம் வரும்போது அளக்கலாம். செய்முறையை எழுதி, வேலைக்கு வரும் புதியவர் பழையவரோடு நின்று குறைந்தது இரண்டு உடல்களையாவது அறுத்த பிறகே தனியாக விடுங்கள்.

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுமுகத்தில் பெலூகா திமிங்கிலங்கள் வாழ்கின்றன. பக்கத்து சாகனே பகுதி அலுமினிய ஆலைகள் புற்றுநோய் தரும் தார்ச் சேர்மங்களை 1976 வரை நீரில் விட்டன. செத்து ஒதுங்கும் பெலூகாக்களைச் சேகரிப்பது 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. வளர்ந்த விலங்குகளில் குடல் புற்றுநோய் வேறெந்தத் திமிங்கிலக் கூட்டத்திலும் காணாத அளவுக்கு இருந்தது. ஆண்டுதோறும் உடல்களை இழுத்து வந்து, பல்லில் வயது எண்ணி, அறுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வந்த ஆய்வில் ஒரு வரி இருந்தது: 1971-க்குப் பிறகு பிறந்த எந்தப் பெலூகாவிலும் புற்றுநோய் காணப்படவில்லை.